நண்பர்கள் வழியாய் வந்த நலம்
(பாட வேளை: தானியேல் முதலாம் அதிகாரத்தை வாசித்துவிட்டு இந்தப் பாடத்தைத் தொடரவும்)



 உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கப்படும் இந்த மருத்துவ ஊழியத்தில் நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறோம். அதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் கல்லூரி மாணவியர்.

ஒரு நாள் காலையில், அருகிலுள்ள ஒரு பெண்கள் கல்லூரியின் விடுதியிலிருந்து இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலைக் கூட்டத்தில் நின்றவள் மயங்கி விழுந்துவிட்டாள். கண்ணின் உள்ளிமை வெளுத்திருந்தது. இரத்தத்தைச் சோதித்தோம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்கவேண்டும். அவளுக்கு 8 கிராமுக்கும் குறைவாக இருந்தது. இது கடுமையான இரத்தசோகை.

அவளுடைய தாய் விவசாயக் கூலி. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பிள்ளை இவள்தான். புத்தகத்தைத் திறந்தால் தூக்கம், மாடி ஏறினால் மூச்சிரைப்பு. மதிப்பெண் குறைந்தது, சோம்பேறி என்ற பெயரும் வந்தது. படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமென்று அவள் தீர்மானித்திருந்தாள். உடன் வந்த தோழிகளில் ஒருத்தி, "எங்களுக்கும் இப்படித்தான் இருக்கிறது, டாக்டர். பெண் பிள்ளைகளுக்கு இது சகஜம் என்று நினைத்தோம்" என்றாள். அந்த வார்த்தை எங்கள் மனதைக் குத்தியது.

குப்பைத் தொட்டியில் கிடந்த மாத்திரைகள்

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். ஆகவே அந்த விடுதிக்கு நாமே போவோம் என்று புறப்பட்டோம். மருத்துவர் ஒரு மணி நேரம் பேசினார், படங்களைக் காட்டினோம், மாத்திரைகளையும் கொடுத்தோம். கேள்வி உண்டா என்று கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று எண்ணி, ஸ்தோத்திரம் சொல்லித் திரும்பினோம்.

ஒரு மாதம் கழித்து விடுதிக் காப்பாளர் அழைத்தார். விடுதிக்குப் பின்னாலிருந்த குப்பைத் தொட்டியில் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. அவை உங்கள் காணிக்கையால் வாங்கியவை. இதை உங்களுக்கு மறைக்க நாங்கள் விரும்பவில்லை. முதலில் எங்களுக்கு மாணவியர் மேல் வருத்தம். பிறகுதான், தவறு எங்களுடையது என்று தெரிந்தது.

எங்கள் செவிலியர் கல்லூரி மாணவியர் சிலர், "நாங்கள் போய்ப் பேசிப் பார்க்கிறோம்" என்றார்கள். அவர்களும் அதே வயதினர். ஒரு சாயங்கால வேளையில் விடுதித் தாழ்வாரத்தில் பாய் விரித்து, தலை பின்னிக்கொண்டே பேசினார்கள். எங்களிடம் வராத கேள்விகள் அங்கே வந்தன. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாய்ப் போகிறதே, உள்ளே இரத்தம் கெட்டுப்போகிறதோ? வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறதே? இது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்கிறார்களே, பிற்காலத்தில் பிள்ளை பிறக்காமல் போய்விடுமா?

இவை ஒவ்வொன்றுக்கும் எளிய பதில் உண்டு. உடலில் சேராத இரும்புச்சத்து வெளியேறுவதால்தான் கறுப்பு நிறம், அதில் ஆபத்தில்லை. இரவுச் சாப்பாட்டிற்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். கருத்தடைக்கும் இந்த மாத்திரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தப் பதில்கள் மருத்துவருக்குத் தெரியாதவையல்ல. ஆனால் மருத்துவரிடம் கேட்க அந்தப் பிள்ளைகளுக்குக் கூச்சம். தோழியிடம் கேட்கக் கூச்சமில்லை.

பாபிலோனில் நான்கு மாணவர்கள்

இப்பொழுது தானியேலின் புத்தகத்திற்கு வருவோம். தானியேல், அனனியா, மீஷாவேல், அசரியா என்னும் நால்வரும் வீட்டைவிட்டுத் தூரமாய், அந்நிய தேசத்தில், மூன்று வருஷப் படிப்பில் சேர்க்கப்பட்ட வாலிபர்கள். அவர்களுக்கும் "விடுதிச் சாப்பாடு" ஒரு கேள்வியாக வந்தது. தானியேலின் நோக்கம் தன்னைத் தீட்டுப்படுத்தாதிருப்பதே. அந்த அதிகாரம் மருத்துவப் பாடமாக எழுதப்பட்டதல்ல. ஆகிலும் அவர்கள் நடந்துகொண்ட விதத்தில் மூன்று காரியங்களைக் கவனிக்கிறோம்.

1. சேர்ந்து நின்றார்கள். தீர்மானம் தானியேலின் இருதயத்தில் தோன்றியது. ஆனால் நால்வராய் நின்றார்கள். பந்தியில் ஒருவன் மாத்திரம் வேறாய்ச் சாப்பிடுவது கடினம். நண்பர்கள் கூட இருந்தால் லேசாகும்.

2. பணிவாய்க் கேட்டார்கள். கலகம் செய்யவில்லை, விசாரணைக்காரனைக் குறைசொல்லவில்லை. பிரதானிகளின் தலைவனுக்கிருந்த பயத்தையும் மனதில் வைத்துப் பேசினார்கள்.

3. சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். பத்து நாள் கொடுத்து, பலனைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யும்படி விட்டுவிட்டார்கள்.

விடுதியில் நடந்தது

இந்த முறையையே நாங்களும் பின்பற்றினோம். விடுதியின் ஒவ்வொரு வரிசை அறைகளுக்கும் ஒரு மாணவியைத் தெரிந்தெடுக்கச் சொன்னோம். மயங்கி விழுந்த அந்தப் பிள்ளையும், சற்றுத் தேறியவுடன், தானே முன்வந்தாள். சில சனிக்கிழமைகளில் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். பிரசங்கம் குறைவு, கேள்வி பதில் அதிகம்.

அவர்கள் சமையற்காரரையும் காப்பாளரையும் பணிவோடு அணுகினார்கள். கீரை, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் முழுவதும் சேர்வதில்லை. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றைச் சேர்த்து உண்டால் கூடுதலாய்ச் சேரும். சாப்பாட்டோடு தேநீரோ காப்பியோ குடித்தால் குறையும். ஆகவே தேநீர் சாப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. முருங்கைக்கீரையும் சுண்டலும் வாரப் பட்டியலில் இடம்பெற்றன. காலைச் சாப்பாட்டை விட்டு வகுப்புக்கு ஓடும் தோழியைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். வாரத்திற்கு ஒரு இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரையை, சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டிற்குப் பின் எல்லாரும் ஒன்றாய்ப் போட்டுக்கொண்டார்கள். குடற்புழு மாத்திரையும் கொடுக்கப்பட்டது. கொக்கிப்புழு குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சும் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

இந்த மாத்திரையிலுள்ள ஃபோலிக் அமிலத்திற்கும் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1928-ல் இந்தியா வந்த லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர், பம்பாயில் நெசவாலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். நம் குன்னூரிலும் ஆய்வு செய்தார். ஈஸ்ட் சாறு அந்நோயைக் குணமாக்குவதை 1931-ல் வெளியிட்டார். பின்னாளில் அதிலுள்ள சத்து ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது.

எல்லையும் தெரியவேண்டும்

மாணவியரை நாங்கள் மருத்துவர்களாக்கவில்லை. மூன்று எச்சரிப்புகளைத் திரும்பத் திரும்பச் சொன்னோம்: தோழி சொன்ன இரகசியத்தை வெளியே சொல்லாதே; நீயாக மருந்து கொடுக்காதே; அபாய அறிகுறி கண்டால் தாமதிக்காமல் அழைத்து வா. ஏற்கெனவே கடுமையான இரத்தசோகை உள்ளவருக்கு வாரம் ஒரு மாத்திரை போதாது. மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் எடுக்கவேண்டும், இரத்த அளவு சீரான பின்னும் சில மாதங்கள் தொடரவேண்டும்.

எல்லாரும் குணமடைந்தார்கள் என்று எழுத நாங்கள் துணியமாட்டோம். சிலர் இன்றும் மாத்திரையைத் தவிர்க்கிறார்கள். ஒரு மாணவிக்கு எத்தனை மாத்திரை எடுத்தும் இரத்தம் ஏறவில்லை. மாதவிலக்கில் அதிகமாய் இரத்தம் போவதை அவள் தன் தாயிடங்கூடச் சொல்லவில்லை, அறைத்தோழியிடம் சொன்னாள். அந்தத் தோழி அவளை எங்களிடம் கூட்டிவந்தாள். இப்பொழுது சிகிச்சை நடக்கிறது.

முதலில் தூக்கிவரப்பட்ட பிள்ளையோ, படிப்பை விடவில்லை. தேர்வை எழுதி முடித்தாள். இவ்வாண்டு புதிதாய்ச் சேர்ந்த மாணவியருக்கு அவளே முதல் வகுப்பை எடுத்தாள். "நானும் சோம்பேறி என்று பெயர் வாங்கியவள்தான்" என்று ஆரம்பித்தாளாம். பின்வரிசைவரை அமைதியாய்க் கேட்டார்கள் என்று காப்பாளர் எங்களிடம் சொன்னார்.

பிரியமானவர்களே, திமிர்வாதக்காரனை ஆண்டவரிடம் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கியவர்களும் நாலு பேர்தான். குணமாக்கினவர் அவர், சுமந்தது அவர்கள். மருத்துவமனை எவ்வளவு பெரிதாயிருந்தாலும், நோயாளியை வாசல்வரை கொண்டுவர ஒரு தோழியின் கை வேண்டும். 

ஐக்கியக் கூட்டங்களில் சிந்திக்க

1. நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் களைப்பு என்று சொல்லும்போது நாம் என்ன பதில் சொல்லுகிறோம்?
2. நம் வீட்டில் கடைசியில், மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர் யார்?
3. நம் சபை வாலிபர் கூட்டத்தில் வெட்கமின்றிக் கேள்வி கேட்க இடமுண்டா?

ஜெபிக்க

பயிற்சி பெறும் மாணவியருக்காகவும், சிகிச்சையிலிருக்கும் அந்தச் சகோதரிக்காகவும், அவர்களை நடத்தும் செவிலியர் மாணவியருக்காகவும் ஜெபித்துக்கொள்ளும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.

அவருடைய ஊழியத்தில்,
உங்கள் மருத்துவமனைக் குடும்பத்தார்