வெண்மார்பு கொண்ட விசித்திர வார்ப்ளர்

கேள்வி: பென்சில்வேனியாவில் எங்கள் ஊர் வனத்தில், மே மாத வலசையின்போது, நீலச்சிறகு வார்ப்ளரைப் போலவே பாடிய சிறு பறவையொன்றைக் கண்டேன். ஆனால் மார்பு வெண்மை. சிறகில் மஞ்சள் பட்டைகள். இது என்ன பறவை?

பதில்: தாங்கள் கண்டது, பொன்சிறகு வார்ப்ளரும் நீலச்சிறகு வார்ப்ளரும் கூடியதால் பிறந்து, ப்ரூஸ்டர் வார்ப்ளர் என்று பெயர் பெற்ற கலப்பினப் பறவையாக இருக்கக்கூடும்; 1874-இல் பறவையியலாளர் வில்லியம் ப்ரூஸ்டரே இதைப் புதியதோர் இனமென்று வர்ணித்தார் என்றால், தங்களுக்கு உண்டான திகைப்பு சகஜமானதுதான். குரலை நம்ப வேண்டாம்: இக்கலப்பினம் தாய்வழி, தந்தைவழி இரண்டில் எந்த இனத்தின் கீதத்தையும் பாடக்கூடுமாதலால், முகத்தையே ஊன்றி நோக்குங்கள். தொண்டை கறுப்பின்றி வெளுத்து, கண்ணின் ஊடே மெல்லிய கருங்கோடு ஓடி, நெற்றி மஞ்சளாயிருப்பின் சந்தேகமே இல்லை. மஞ்சள் மேனியில் தொண்டையும் கன்னமும் கறுத்திருந்தால் அது அதே இரு இனங்களின் மற்றொரு கலப்பினமான லாரன்ஸ் வார்ப்ளர், இதனினும் அபூர்வம். தங்கள் மாநிலத்திலேயே 2018-இல், இத்தகைய கலப்பினத் தாய்க்கும் வேறோர் இன வார்ப்ளர்த் தந்தைக்கும் பிறந்த மூவினப் பறவையொன்று வெளிப்பட்டதையும், அதை முதலில் கவனித்தவர் பறவைகளிடம் பற்றுக்கொண்ட ஓர் ஆர்வலரே என்பதையும் எண்ணினால், தங்கள் குறிப்பின் மதிப்பு விளங்கும். பாடலைக் கைப்பேசியில் பதிந்து, முகமும் மார்பும் தெரியப் படமெடுத்து, இடமும் தேதியும் சேர்த்து ஈ-பேர்ட் என்னும் இணையத் தரவுத்தளத்தில் இன்றே ஏற்றிவிடுங்கள்.