ஸ்காலர்ஷிப்புக்கு எத்தனை மார்க் வேண்டும்?

"எத்தனை மார்க் எடுத்தா ஸ்காலர்ஷிப் கிடைக்கும்?" என்று முதலாண்டுத் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது, "எந்தக் கோட்டைக் கேட்கிறாய்?" என்பதுதான். கோடு இரண்டு. தகுதி மதிப்பெண் என்பது வரிசையில் நிற்க அனுமதி. கட்-ஆஃப் என்பது அந்த வரிசை எங்கே முடிகிறதோ அந்த இடம். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், வயலுக்கு வாய்க்கால் இருப்பது தகுதி. மேட்டூர் திறந்த பிறகு தண்ணீர் பேராவூரணிக் கடைமடை வரை வந்ததா என்பது கட்-ஆஃப். முதலாவது முன்கூட்டியே தெரியும். இரண்டாவது ஒவ்வொரு வருஷமும் மாறும்.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வைப் பாருங்கள். தகுதி 40 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 32. ஆனால் தமிழ்நாட்டுக்கு உள்ள இடம் 6,695தான். 40 வாங்கிவிட்டோம் என்று சும்மா இருந்தால் பெயர் பட்டியலில் வராது. வந்தால் வருடம் 12,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு வரை. பத்தாவதோடு பாலிடெக்னிக் வந்துவிட்டால் அது நின்றுவிடும். நம்மில் பலருக்கு இதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள்.

பிளஸ் டூ முடித்து டிகிரி போகிறவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகையில் '80-வது பர்சென்டைல்' என்று போட்டிருக்கும். இதை 80 மார்க் என்று படிக்காதீர்கள். உங்கள் பிரிவில் 1,000 பேர் பாஸ் என்றால் மேலே உள்ள 200 பேருக்குள் வர வேண்டும் என்பது பொருள். 300 பேர் 92-க்கு மேல் வாங்கியிருந்தால், 92 வாங்கியவரும் வெளியேதான். டிப்ளமோ மாணவர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது.

நமக்கு உள்ளது ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி. மாணவிகளுக்கு மட்டும், வருடம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். டிப்ளமோவுக்கு நாடு முழுவதும் 5,000 இடங்கள், மாநிலவாரியாகப் பங்கு உண்டு. முதலாண்டில் சேர்பவர்களுக்கு ரேங்க் போடுவது பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து. அதனால் போன வருஷம் சீனியர் அக்காவுக்குக் கிடைத்த மார்க் இந்த வருஷம் போதுமா என்று யாராலும் சொல்ல முடியாது. மார்க் குறைவு என்று நீங்களே முடிவு கட்டி அப்ளிகேஷன் போடாமல் விட்டால், உங்களைவிடக் குறைந்தவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்வார்.

புதுமைப்பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) இரண்டிலும் மார்க் கோடே இல்லை. படித்த பள்ளி எது என்பதுதான் கேள்வி. மாதம் 1,000 ரூபாய்.

பிரகதி கிடைத்தவர்கள் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டுக்குத் தேறியதாகக் கல்லூரியின் சான்று வேண்டும். ஆபீஸில் கூட்டம் சேருவதற்கு முன்பே போய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.