மெஷின் எண்ணைச் சொல்லும்; குளிசையை நிறுத்தச் சொல்லாது

நமது சுகாதாரப் பாடம்



முன்பெல்லாம் பிரஷர் பார்க்க வேண்டுமானால் தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ டவுன் ஆஸ்பத்திரிக்கோ போய் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது நமது லயங்களிலேயே பிரஷர் மெஷின் வந்துவிட்டது. கொழும்பில் கடை வேலை செய்யும் மகன் வாங்கி அனுப்புகிறான். வெளிநாட்டுக்குப் போன மகள் கொண்டுவந்து கொடுக்கிறாள். சீனி பார்க்கும் சின்ன மெஷினும் சில வீடுகளில் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் சாமான் வந்த அளவுக்கு அதைப் பாவிக்கும் முறை வீட்டுக்கு வந்து சேரவில்லை. ஆகவே இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

நடந்த ஒரு விஷயம்

நமக்குத் தெரிந்த ஒரு அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். பிரஷருக்குக் குளிசை போடுகிறவர். மகன் ஒரு பிரஷர் மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தான். வீட்டுப் பக்கம் நாம் போனபோது ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாருங்க ஐயா, 124க்கு 80 காட்டுது. நல்லாத்தானே இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்குங்க அம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம்.

குளிசை போடுகிறீர்களா என்று கேட்கவில்லை. விடாமல் போடுங்கள் என்று சொல்லவும் இல்லை. மெஷினும் நல்லா இருக்கு என்கிறது, ஐயாவும் நல்லா இருக்கு என்கிறார், பிறகு எதற்குக் குளிசை என்று அந்த அம்மா அன்றோடு நிறுத்திவிட்டார். மூன்று கிழமை போனது. ஒரு நாள் பகல் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையை இறக்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிப்போனது. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் வலது கை பழையபடி வரவில்லை. இன்றைக்கும் தலை சீவ மகள்தான் வர வேண்டும்.

இதை எழுதலாமா என்று அவரிடமே போய்க் கேட்டோம். “என் பேரப் போடாதீங்க ஐயா. விஷயத்த எழுதுங்க. நாலு பேரு பொழச்சிக்கட்டும்” என்றார். அதனால்தான் எழுதுகிறோம். அன்று நாம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை இனி எந்த வீட்டிலும் கேட்காமல் விடக்கூடாது.

எண் ஏன் நன்றாக வந்தது?

மழையில் மலைக்குப் போகும்போது தலைக்கும் முதுகுக்கும் பொலித்தீன் போட்டுக்கொள்கிறோம். உடம்பு நனையவில்லை. ‘நான்தான் நனையவில்லையே, இது எதற்கு?’ என்று யாராவது மழைக்கு நடுவில் பொலித்தீனைக் கழற்றி வீசுவார்களா? அந்த அம்மாவுக்கு 124க்கு 80 வந்தது குளிசை போட்டதால்தான். குளிசை வேலை செய்கிறது என்பதற்குத்தான் அந்த எண் சாட்சி. நோய் போய்விட்டது என்பதற்கு அல்ல.

பிரஷரும் சீனியும் பெரும்பாலும் வலிக்காத நோய்கள். காய்ச்சல் மாதிரி ஆளைப் படுக்கப் போடாது. உள்ளுக்குள்ளேயே இரத்தக் குழாய், இருதயம், சிறுநீரகம், கண் என்று ஒவ்வொன்றாகக் கெடுக்கும். அதனால்தான் எண்ணைப் பார்க்க ஒரு மெஷின் தேவைப்படுகிறது. குளிசையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் டாக்டர் செய்ய வேண்டிய வேலை.

பிரஷர் மெஷின்

மெஷின் இரண்டு எண்களைக் காட்டும். மேலே இருப்பது இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழே இருப்பது இருதயம் தளரும்போது உள்ள அழுத்தம். வீட்டில் ஆறுதலாக இருந்து பார்க்கும்போது பல நாளும் 135க்கு 85 அல்லது அதற்கு மேல் காட்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை கூடிவிட்டதற்காகப் பயப்பட வேண்டாம். சரியான எண் வர வேண்டுமானால்:

1. கொழுந்து சுமந்து ஏற்றம் ஏறி வந்த உடனே பார்க்கக்கூடாது. ஐந்து நிமிஷமாவது பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

2. தேத்தண்ணி குடித்து, வெற்றிலை போட்டு, பீடி சிகரெட் குடித்து அரை மணித்தியாலம் ஆகும் வரை பார்க்கக்கூடாது. ஒன்றுக்கு வந்தால் போய்விட்டு வந்து பாருங்கள்.

3. முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைக்க வேண்டும். கால் மேல் கால் போடக்கூடாது.

4. பட்டியை வெறும் கையில் கட்ட வேண்டும். குளிருக்குப் போட்ட சுவெட்டரின் மேலே கட்டினால் எண் பிழைக்கும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் உள்ளதை விடக் கூட்டிக் காட்டும்.

5. ஒரு நிமிஷம் விட்டு இரண்டாம் தடவையும் பார்த்து இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் மேல்கையில் கட்டும் மெஷினை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது கை சற்று உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் எண்ணை மாற்றிக் காட்டும். கிளினிக்குக்கு ஒரு தடவை மெஷினையும் கொண்டுபோய் அங்குள்ள மெஷினோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சீனி மெஷின்

1970ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் முதன்முதலில் வந்த சீனி மெஷின் ஒரு கிலோவுக்கு மேல் பாரம். டாக்டர்மாருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டுமே விற்றார்கள். ரிச்சர்ட் பேர்ன்ஸ்டீன் என்ற இன்ஜினியர் பன்னிரண்டு வயதிலிருந்து சீனி நோய்க்காரர். அவருடைய மனைவி டாக்டர். மனைவியின் மூலமாக ஒரு மெஷினை வாங்கி, நாளுக்குப் பல தடவை பார்த்து எழுதி வைத்தார். எந்தச் சாப்பாட்டுக்குச் சீனி ஏறுகிறது, எவ்வளவு இன்சுலினுக்கு இறங்குகிறது என்று கற்றுக்கொண்டார். நோயாளி தானே வீட்டில் பார்க்கலாம் என்று அவர் சொன்னதை அப்போது பெரிய டாக்டர்மார் காதில் வாங்கவில்லை. ஆகவே நாற்பத்தைந்து வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தானே டாக்டரானார். 2025இல் தொண்ணூறு வயதில் காலமானார். அவரைக் காப்பாற்றியது மெஷின் மட்டுமல்ல. பார்த்ததை எழுதி வைத்ததும், எழுதியதிலிருந்து படித்துக்கொண்டதும்தான்.

இப்போதுள்ள மெஷின் உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் செருகும் பட்டையில் ஒரு இரசாயனம் பூசியிருக்கிறது. இரத்தத்தில் உள்ள சீனி அதோடு சேரும்போது மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். அதை அளந்துதான் மெஷின் எண் சொல்கிறது. பட்டை கெட்டிருந்தால் எண்ணும் பிழை.

நம் பக்கத்து மூடுபனியும் ஈரமும் பட்டைக்குப் பெரிய எதிரி. ஒரு பட்டையை எடுத்த கையோடு போத்தலை இறுக்கி மூட வேண்டும். அடுப்புக்குப் பக்கத்திலும், தண்ணீர் ஒழுகும் சுவரோரத்திலும் வைக்க வேண்டாம். திகதி முடிந்த பட்டையைப் பாவிக்கக்கூடாது. விடிய விறைக்கிற குளிரில் சில மெஷின்கள் வேலை செய்யாது. சற்று நேரம் வீட்டுச் சூட்டில் வைத்துவிட்டுப் பாருங்கள்.

பார்க்கும் முன் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். வாழைப்பழம் உரித்த விரலில் பார்த்தால் பழத்தின் சீனியையும் சேர்த்துக் காட்டிவிடும். இரத்தம் வரவில்லை என்றால் விரலைப் பிசைய வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை வைத்து, கீழே தொங்கப் போட்டுவிட்டுக் குத்துங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு, மறுநாள் கொழுந்து எடுக்கவும் தடையில்லை.

குத்தும் ஊசியையும் அதை வைத்துக் குத்தும் பேனையையும் ஒருவர் பாவித்து இன்னொருவர் பாவிக்கவே கூடாது. இரத்தத்தின் வழியாகப் பரவும் நோய்கள் ஒட்டிக்கொள்ளும். பாவித்த ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி, டிஸ்பென்சரியில் கேட்டுக் கொடுங்கள். கானில் போட்டால் நாளைக்கு நம் பிள்ளையின் காலில்தான் ஏறும்.

சீனி நோய் உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு வெறும் வயிற்றில் 80க்கும் 130க்கும் இடையிலும், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணித்தியாலத்தில் 180க்குக் குறைவாகவும் இருந்தால் நல்லது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் வயதானவர்களுக்கும் அளவு மாறும். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சீனி குறைவதும் ஆபத்து

இன்சுலின் அடிப்பவரும் சில வகைச் சீனிக் குளிசை போடுபவரும் காலையில் மருந்தைப் போட்டுவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போனால் சீனி மிகவும் இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், தலை சுற்றும், பேச்சு தடுமாறும். மெஷினில் 70க்குக் கீழே காட்டும். மெஷின் பக்கத்தில் இல்லாவிட்டால் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிஷத்தில் சரிவராவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். சரியானதும் சாப்பிட வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். சீனி நோய்க்காரர்கள் மலைக்குப் போகும்போது சீனி கொஞ்சம் பொட்டலமாக மடித்துக் கொண்டுபோவது நல்ல பழக்கம். கூட வேலை செய்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

குளிசைப் பெட்டி

மூன்றாவது சாதனத்துக்கு பட்டரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஏழு நாளுக்கும் ஏழு அறை வைத்த சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. பார்மசிகளில் கிடைக்கும். கிழமைக்கு ஒரு தடவை நிரப்பி வைத்தால், இன்றைக்குப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வராது. அறை காலி என்றால் போட்டாயிற்று. சந்தேகத்தில் இரண்டு தடவை போடுவதும், மறந்து விடுவதும் இரண்டும் கெடுதல்.

வாங்க வசதி இல்லையா? ஏழு நெருப்புப் பெட்டிகளை ஒட்டி, ஒவ்வொன்றிலும் கிழமை எழுதினால் போதும். மருந்து உறையில் எழுதியிருப்பது நமக்கு வாசிக்கத் தெரியாத மொழியாக இருக்கலாம். ஆகவே மருந்து வாங்கும் இடத்திலேயே கேட்டு, காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் உறையில் வரைந்துகொள்ளுங்கள். எழுத்து வாசிக்காத பாட்டிக்கும் இது விளங்கும். சில குளிசைகளை அதன் தாளிலிருந்து பிரித்து வைத்தால் ஈரத்தில் கெட்டுவிடும். எதைப் பிரிக்கலாம் என்று கேட்டுச் செய்யுங்கள். பெட்டியைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கையில் போன் இருந்தால் குளிசை நேரத்துக்கு அலாரம் வைக்கலாம்.

கொப்பி இல்லாமல் மெஷின் இல்லை

மாதக் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும், சம்பளம் குறையும். அதற்கு மேல் பஸ் காசு. இவ்வளவு செலவழித்துப் போய் டாக்டர் முன்னால் உட்காருவது சில நிமிஷந்தான். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “பரவாயில்லங்க” என்று சொல்லிவிட்டு வருகிறோம். அந்த நிமிஷத்தில் ஒரு மாதக் கணக்கைக் கையில் கொடுத்தால் டாக்டருக்கு எவ்வளவு உதவி!

எழுத வேண்டியது நான்குதான்: திகதி, நேரம், மெஷின் காட்டிய எண், குளிசை போட்டதா இல்லையா. நாலாவதுதான் முக்கியம். அது இல்லாததால்தான் அந்த அம்மாவின் 124க்கு 80 நம் எல்லாரையும் ஏமாற்றியது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். தாத்தாவின் கணக்கப்பிள்ளை என்று சொன்னால் சந்தோஷமாகச் செய்யும்.

மெஷின் வாங்குவதற்காகக் கடன்பட வேண்டாம். சீனி மெஷினை விட, தொடர்ந்து வாங்க வேண்டிய பட்டைக்குத்தான் செலவு அதிகம். எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்று டாக்டரிடம் கேளுங்கள். பிரஷர் மெஷின் ஒன்றை லயத்தில் பல வீடுகள் சேர்ந்து பாவிக்கலாம். முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குச் சுகாதார அமைச்சின் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்களில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். இவை 2011 முதல் நடைபெறுகின்றன.

எப்போது ஓட வேண்டும்?

வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், பேச்சு குழறுதல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் - இதில் ஒன்று வந்தாலும் மெஷினைத் தேட வேண்டாம். எண் என்னவாக இருந்தாலும் உடனே 1990க்குப் போன் எடுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. லயத்துக்குப் பாதை சரியில்லை என்றால் எந்த இடத்துக்கு ஆளைக் கொண்டுவருவது என்று போனிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆறுதலாக இருந்து பார்த்தும் மேல் எண் 180ஐயோ கீழ் எண் 120ஐயோ தாண்டினால், வேறு கஷ்டம் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் யார் யார் தினமும் குளிசை போட வேண்டியவர்கள்? இன்றைக்குப் போட்டார்களா?

2. எண் நன்றாக வந்தால் குளிசையை என்ன செய்ய வேண்டும்?

3. மெஷின் இருக்கும் இடம் தெரியும். கொப்பி இருக்கும் இடம் தெரியுமா?

நாம் இனி உங்கள் வீட்டுக்கு வந்து எண்ணைப் பார்த்தால், “நல்லா இருக்கு” என்பதோடு நிறுத்த மாட்டோம். “குளிசை போட்டீங்களா?” என்று கேட்போம். கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள்.