தோள்பட்டை இறுகிப்போச்சா?

பின்னல் போட முடியவில்லை, பரணில் இருக்கும் டப்பாவுக்குக் கை எட்டவில்லை, ஜாக்கெட் மாட்டினால் உயிர் போகிறது... 40 முதல் 60 வயதுக்காரர்கள், அதிலும் பெண்கள், அடிக்கடி புலம்புவது இது. மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதால் வரும் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’. கையை அசைக்காமலே வைத்திருந்தால் இறுக்கம் கூடும். முரட்டுத்தனமாக இழுத்தால் வலி கூடும்.

1. முழங்கையை மடித்து இடுப்போடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். அடுத்தவர் பிடித்து மெதுவாகத் திருப்பினாலும் வரவில்லையா? இந்த இறுக்கமாக இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. சர்க்கரை நோயோ தைராய்டு கோளாறோ உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

3. பயிற்சிக்கு முன் 10 முதல் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காமல் போகலாம். வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகு வையுங்கள்.

4. நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கும் கையைத் தளரத் தொங்கவிட்டு, சிறு வட்டமாக இரு திசையிலும் 10 முறை சுழற்றுங்கள்.

5. சுவரைப் பார்த்து நின்று, வலிக்கும் கையின் விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். தோளைத் தூக்கிக்கொண்டு எட்டுவது கணக்கில் சேராது.

6. வலி தணிந்த பிறகு துண்டுப் பயிற்சி. துண்டை நல்ல தோள்மேல் போட்டு, முதுகுப் பக்க நுனியை வலிக்கும் கையால் பிடியுங்கள். முன்பக்க நுனியை நல்ல கையால் மெதுவாகக் கீழே இழுத்தால், பின்னால் இருக்கும் கை மேலே ஏறும்.

7. பயிற்சியின்போது லேசாக இழுத்துப் பிடிக்கலாம். ராத்திரி வரை வலி நீடித்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். ‘ஒரே இழுப்பில் சரியாக்குகிறேன்’ என்பவரிடம் கையைக் கொடுக்காதீர்கள்.

8. சட்டையோ ஜாக்கெட்டோ, போடும்போது வலிக்கும் கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள்.

9. வலிக்கும் பக்கம் படுக்காதீர்கள். மல்லாந்து படுத்தால் மேல்கைக்கு அடியில் மடித்த துண்டு. நல்ல பக்கம் ஒருக்களித்தால், வலிக்கும் கையைத் தாங்க ஒரு தலையணை.

10. ஆரம்பத்தில் வலி கடுமையாக இருந்தால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நல்ல பலன் தரும். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். சர்க்கரை மருந்தின் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

11. முழுதாகத் தளர ஒன்று முதல் மூன்று வருடம்கூட ஆகலாம். வலி போனதும் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

12. இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அது மாரடைப்பாக இருக்கலாம்.