ஸ்டிக்கர் இல்லாததுதான் ஒரிஜினலா?

கேள்வி: ஐயா, ஃபேன்சி ஸ்டோர் ஒன்றில் அமெரிக்க பாடி லோஷன் வாங்கினேன். புட்டியில் 8 ஃப்ளூயிட் அவுன்ஸ் என்று மட்டும் இருக்கிறது. மில்லி கணக்கும் இல்லை, எம்.ஆர்.பி.யும் இல்லை. கேட்டால், "ஸ்டிக்கர் ஒட்டாம வர்றதுதாம்மா ஒரிஜினல் ஃபாரின் சரக்கு" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம் அம்மா. அவர் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். முறையாகச் சுங்கம் தாண்டி வந்த புட்டியில்தான் அந்த ஸ்டிக்கர் இருக்கும். 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும் இறக்குமதிச் சரக்கை விட்டுவைக்கவில்லை. இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, மாதம், ஆண்டு, எல்லா வரியும் சேர்த்த எம்.ஆர்.பி., புகாருக்கு ஒரு போன் நம்பர், கிராமிலோ மில்லியிலோ நிகர அளவு எல்லாம் வேண்டும். அழகுசாதனம் என்றால் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும் உண்டு. இதையெல்லாம் வெளிநாட்டில் அச்சிட்டு அனுப்புவது அபூர்வம், அதனால்தான் ஸ்டிக்கர். ஸ்டிக்கரையும் போலியாக அடிக்கலாம்தான். அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

எனக்கு அதைவிட உறுத்துவது அந்த அவுன்ஸ். அமெரிக்கர்கள் அவுன்ஸை லேசில் விடமாட்டார்கள். ஆனாலும் 1994 பிப்ரவரி 14 முதல், இந்த மாதிரிப் பொருட்களில் மெட்ரிக் அளவையும் சேர்த்துப் போட வேண்டும் என்பது அவர்கள் நாட்டுச் சட்டம். 8 ஃப்ளூயிட் அவுன்ஸ் என்றால் பக்கத்திலேயே 236 அல்லது 237 மில்லி என்றிருக்கும். அது இல்லாத புட்டி அமெரிக்கக் கடைக்கே ஆகாதே, அப்புறம் எந்த ஊரில் நிரப்பினார்களோ! பிரிட்டிஷ் அவுன்ஸ் என்றால் அதே 8-க்கு 227 மில்லிதான். கிட்டத்தட்ட 10 மில்லி குறையும். 'ஃப்ளூயிட்' என்ற சொல் இல்லாத வெறும் அவுன்ஸோ எடைக் கணக்கு, 28.35 கிராம். க்ரீம் டப்பா வாங்கும்போது இதில் பலர் ஏமாறுகிறார்கள்.

உங்கள் மகள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த லோஷன் என்றால் ஸ்டிக்கர் கேட்க முடியாது; விதி விற்பனைச் சரக்குக்குத்தான். நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். பில்லையும் புட்டியின் நாலு பக்கப் படங்களையும் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் அவர்கள் கையில்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். அதுவரை மூடியைத் திறக்காதீர்கள். திறந்த புட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்.