கராடியின் வாடகையும் அயல்நாட்டு ஈவுத்தொகையும்

புனே நகரின் கிழக்கு விளிம்பில், நகர் சாலைக்கும் முளா-முட்டா ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்துள்ளது கராடி. 1990களின் இறுதியில் மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை அது ஒரு வேளாண் கிராமமாகவே இருந்தது. இன்று அங்கு ஈயான் சுதந்திர வர்த்தக மண்டலம், உலக வர்த்தக மையம், கேரா காமர்சோன் போன்ற பெரும் அலுவலக வளாகங்கள் எழுந்துள்ளன. கணிப்பொறி மென்பொருள், நிதிச் சேவை ஆகிய துறைகளைச் சேர்ந்த பன்னாட்டு நிறுவனங்கள் அவற்றில் வாடகைக்கு இடம் பெற்று இயங்கி வருகின்றன.

இவ்வாடகை எவரைச் சென்றடைகிறது என்பது பொருளாதார மாணவர் கேட்கத்தக்க கேள்வியாகும். ஆற்றின் மறுகரையில் உள்ள மகர்பட்டாவில் நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் தமது நிலங்களை ஒன்றுசேர்த்து, அவற்றுக்கு ஈடாக ஒரு நிறுவனத்தின் பங்குகளைப் பெற்று, நகரியம் ஒன்றை உருவாக்கின. அது நிலத்தை விற்காமலேயே அதன் பயனில் பங்கு பெறும் வழி. கராடியில் வழி வேறு. அங்குள்ள கேரா காமர்சோன் வளாகக் கட்டடங்களில் பெரும் பகுதி, மைண்ட்ஸ்பேஸ் பிசினஸ் பார்க்ஸ் ரீட் என்ற அமைப்பின் உடைமையாக உள்ளது. யூனிட் ஒன்று ரூ.275 என்ற விலையில் ரூ.4,500 கோடி திரட்டிய இவ்வமைப்பு, 2020 ஆகஸ்டு 7 அன்று பங்குச் சந்தையில் இடம் பெற்றது. அதன் யூனிட் ஒன்றை மதுரையிலிருந்து ஒருவர் வாங்கினாலும், கராடி வாடகையில் ஒரு துளி அவருக்கு உரியதாகிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு நாட்டம் காணப்படுகிறது. நல்ல ஊதியம் பெறும் நகர்ப்புற ஊழியர் பலர், டாலரில் ஈவுத்தொகை பெறும் நோக்கத்துடன் அயல்நாட்டு ரீட்களில் முதலீடு செய்ய விழைகின்றனர். ஓய்வூதியத்திற்குத் துணையாக இவ்வருவாய் அமையும் என்பது அவர்களது எதிர்பார்ப்பு. இவ்வெதிர்பார்ப்பு எந்த அளவுக்கு நியாயமானது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ரீட் என்பது யாது?

ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை என்பதன் சுருக்கமே ரீட். அறக்கட்டளை என்ற சொல் தமிழில் தருமத்தை நினைவூட்டுவதாயினும், இங்கு தருமம் எதுவுமில்லை. பிறர் பொருட்டுச் சொத்தைப் பொறுப்பேற்று நிருவகிக்கும் சட்ட ஏற்பாடு என்பதே பொருள். பலரிடம் சிறு தொகைகளாகத் திரட்டிய பணத்தைக் கொண்டு அலுவலகங்கள், கடை வளாகங்கள், கிடங்குகள் போன்றவற்றை இவ்வமைப்பு வாங்குகிறது. வரும் வாடகையில் செலவும் வட்டியும் போக எஞ்சியதைப் பெரும்பாலும் அப்படியே பகிர்ந்தளிக்கிறது.

அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இம்முறை தோன்றியது. வரிக்குரிய வருவாயில் 90 சதவிகிதத்தைப் பகிர்ந்தளித்தால், பகிர்ந்த தொகைக்கு நிறுவன வரி இல்லை என்பதே அச்சட்டத்தின் உயிர்நாடி. ஆஸ்திரேலியாவில் 1971இலும், ஜப்பானில் 2001இலும், சிங்கப்பூரில் 2002இலும் முதல் ரீட்கள் சந்தைக்கு வந்தன. இந்தியாவில் செபி 2014 செப்டம்பரில் விதிமுறைகளை வெளியிட்டது. ஆயினும் முதல் ரீட்டான எம்பசி 2019 ஏப்ரலில்தான் பட்டியலிடப்பட்டது.

ரீட் தரும் ஈவுத்தொகை சாதாரண நிறுவனத்தின் ஈவுத்தொகையிலிருந்து வேறுபட்டது. ரூ.100 கோடி மதிப்புள்ள கட்டடம் ஒன்று ஆண்டுக்கு ரூ.8 கோடி நிகர வாடகை ஈட்டுவதாகக் கொள்வோம். கணக்கேட்டில் தேய்மானம் ரூ.3 கோடி எனில் இலாபம் ரூ.5 கோடி மட்டுமே. தேய்மானம் ரொக்கச் செலவன்று, ஆகவே ரூ.7 கோடியைக்கூடப் பகிர்ந்தளிக்க இயலும். இலாபத்தை மிஞ்சிய பகிர்வைக் கண்டு ஐயுறத் தேவையில்லை என்றாலும், கட்டடம் உண்மையிலேயே பழமையடைகிறது என்பதை மறத்தலும் தகாது. மின்தூக்கியும் குளிர்சாதனமும் ஒரு நாள் மாற்றப்பட வேண்டியவை. கையிருப்பு வைத்துக்கொள்ளாத அமைப்பு அப்போது கடன் வாங்கும். அல்லது புதிய யூனிட்களை வெளியிட்டுப் பழைய உரிமையாளரின் பங்கைக் குறைக்கும்.

வரிக் கணக்கு

அயல்நாட்டு ஈவைக் குறித்த பேச்சில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது வரியே. ஆனால் முடிவை மாற்றுவதும் அதுவே. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். முதலீடு ரூ.10 இலட்சம், ஈவு 5 சதவிகிதம், ஆண்டு வரவு ரூ.50,000.

அமெரிக்க ரீட் எனில், இந்திய-அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கையின்படி தனிநபருக்கு 25 சதவிகிதம், அதாவது ரூ.12,500, அங்கேயே பிடித்துக்கொள்ளப்படும். (உரிய படிவம் அளிக்காதவரிடம் 30 சதவிகிதம் பிடிக்கப்படும்.) இந்தியாவில் இவ்வருவாய் பிற வருவாய்களுடன் சேர்க்கப்பட்டு, அவரவர் வரி அடுக்குக்கேற்ப வரி விதிக்கப்படுகிறது. 30 சதவிகித அடுக்கில் உள்ள கராடி ஊழியருக்கு மேல்வரியுடன் 31.2 சதவிகிதம், ரூ.15,600 ஆகிறது. அமெரிக்காவில் செலுத்திய ரூ.12,500ஐ அவர் கழித்துக்கொள்ளலாம், மீதம் ரூ.3,100 செலுத்தினால் போதும். கையில் நிற்பது ரூ.34,400.

சிங்கப்பூர் ரீட் எனில், தனிநபர் பெறும் பகிர்வுக்குப் பொதுவாக அங்கு வரிப் பிடித்தம் இல்லை. இந்திய வரி ரூ.15,600 முழுவதையும் இங்கே செலுத்த வேண்டும். கையில் நிற்பது அதே ரூ.34,400. ஆகவே உயர் அடுக்கினருக்கு இரு நாடுகளுக்குமிடையே வேறுபாடு எதுவுமில்லை.

இப்போது அவருடைய ஓய்வு பெற்ற தந்தையின் நிலையை நோக்குக. புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டு முதல், ரூ.12 இலட்சம் வரை வருவாயுள்ளவர்க்குத் தள்ளுபடியின் காரணமாக வரி இல்லை. தந்தையின் மொத்த வருவாய் இவ்வரம்புக்குள் அடங்குமாயின் அவர் இந்தியாவில் செலுத்த வேண்டியது ஏதுமில்லை. அயல்நாட்டு வரிக்கான கழிவு, அவ்வருவாய்க்குரிய இந்திய வரியின் அளவை மிஞ்சலாகாது என்பது விதி. இந்திய வரி பூச்சியம் எனில் கழிவும் பூச்சியமே. அமெரிக்கா பிடித்த ரூ.12,500 திரும்ப வராது. அவர் கையில் நிற்பது ரூ.37,500. சிங்கப்பூரில் முதலீடு செய்திருந்தால் ரூ.50,000 முழுவதும் கிடைத்திருக்கும். ஈவுத்தொகையை நாடுவோரில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றோர் ஆவர். அவர்களுக்கே அமெரிக்க ரீட் மிகப் பாதகமாக அமைகிறது. இதனை விளம்பரங்கள் சொல்வதில்லை.

பணம் அனுப்பும்போதும் ஒரு சுமை உண்டு. 2004இல் 25,000 டாலர் வரம்புடன் ரிசர்வ் வங்கி தொடங்கிய தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில், 2015 முதல் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், முதலீட்டுக்காக ஆண்டில் ரூ.10 இலட்சத்துக்கு மேல் அனுப்பப்படும் தொகையில் 20 சதவிகிதத்தை வங்கி முன்வரியாக வசூலிக்கிறது. ரூ.15 இலட்சம் அனுப்புபவர் ரூ.1 இலட்சத்தை இவ்வகையில் தனியே கட்ட வேண்டும். வருமான வரியில் அது ஈடுசெய்யப்படும் என்பது உண்மை. வரியே செலுத்தாதவர் அதனைத் திரும்பப் பெறக் கணக்குத் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டியவராகிறார்.

நாணய மதிப்பு

டாலர் வருவாயின் கவர்ச்சிக்கு அடிப்படை ரூபாயின் மதிப்புச் சரிவாகும். 2004இல் சுமார் ரூ.45ஆக இருந்த டாலர், 2024இல் சுமார் ரூ.84ஐ எட்டியது. இருபது ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரி 3 சதவிகித உயர்வு. இது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அயல்நாட்டுச் சந்தையில் வாங்கினாலே அயல்நாட்டு நாணய வருவாய் கிட்டும் எனக் கருதுவது தவறு. இதற்குச் சிறந்த சான்று சிங்கப்பூரிலேயே உள்ளது.

2007 ஆகஸ்டில் அங்கு பட்டியலிடப்பட்ட அசெண்டாஸ் இந்தியா டிரஸ்ட், இப்போது கேப்பிடாலேண்ட் இந்தியா டிரஸ்ட் என வழங்குகிறது. சட்டப்படி இது வணிக அறக்கட்டளையாயினும் ரீட்டுக்குரிய கட்டுப்பாடுகள் பலவற்றைத் தானே முன்வந்து ஏற்றுள்ளது. இதன் சொத்துகளோ பெங்களூரிலும், சென்னைத் தரமணியிலும், ஐதராபாத்திலும், புனேயின் ஹிஞ்சவாடியிலும் உள்ளன. பகிர்வு சிங்கப்பூர் டாலரில் வழங்கப்படுகிறது. வாடகை ரூபாயில் வருகிறது. பட்டியலிடப்பட்ட காலத்தில் ஒரு சிங்கப்பூர் டாலர் ஏறக்குறைய ரூ.27, 2024இல் ஏறக்குறைய ரூ.62. சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர் 2007இல் பெற்ற அதே தொகையைப் பிற்காலத்திலும் பெற வேண்டுமாயின், தரமணிக் கட்டடத்தின் வாடகை இருமடங்குக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும்.

கராடிவாசி ஒருவர் இந்த யூனிட்டை வாங்கினால் நிலைமை விந்தையானது. நகரின் மறு முனையில் உள்ள ஹிஞ்சவாடியின் ரூபாய் வாடகை, சிங்கப்பூர் டாலராக மாறி, கட்டணம் கழிந்து, மீண்டும் ரூபாயாகி அவரை வந்தடைகிறது. நாணயப் பாதுகாப்பு என்று அவர் கருதியது வெறும் சுற்றுவழியே. பட்டியல் எந்த நாட்டில் என்பதன்று; கட்டடம் எந்த நாட்டில், வாடகை எந்த நாணயத்தில் என்பதே கேட்க வேண்டியது.

வட்டியும் காலியிடமும்

2022 மார்ச்சுக்கு முன் ஏறத்தாழ பூச்சியமாக இருந்த அமெரிக்க மைய வங்கியின் வட்டி வீதம், 2023 ஜூலையில் 5.25-5.50 சதவிகிதமாயிற்று. அரசுக் கடன் பத்திரமே நல்ல வட்டி தரும்போது ரீட்டின் விலை இறங்குகிறது. இறங்கிய விலையில் பழைய ஈவைக் கணக்கிட்டால் ஈவு வீதம் உயர்ந்து தோன்றுகிறது. பட்டியலில் 9 அல்லது 10 சதவிகிதம் எனக் காணும் ஈவு, பல சமயங்களில் தாராளத்தின் அடையாளமன்று. வரவிருக்கும் குறைப்பைச் சந்தை முன்கூட்டியே கணித்ததன் அடையாளம்.

கடன் இதனைக் கூர்மையாக்குகிறது. ரூ.100 மதிப்புள்ள சொத்தின் மேல் ரூ.40 கடன் இருந்து, சொத்தின் மதிப்பு ரூ.80ஆகக் குறைந்தால், கடன் விகிதம் 40லிருந்து 50 சதவிகிதமாகிறது. ஒரு காசும் புதிதாகக் கடன் வாங்காமலேயே. அமெரிக்க அலுவலகக் கட்டடங்களை மட்டும் கொண்டு சிங்கப்பூரில் 2016இல் பட்டியலிடப்பட்ட மானுலைஃப் யு.எஸ். ரீட்டுக்கு இதுவே நேர்ந்தது. கோவிட் தொற்றுக்குப் பின் வீட்டிலிருந்தே பணிபுரியும் வழக்கம் பரவி, கட்டட மதிப்பு சரிந்து, கடன் தந்த வங்கிகளின் நிபந்தனை மீறப்பட்டது. 2023இல் பகிர்வு நிறுத்தப்பட்டது. கெப்பல் பசிபிக் ஓக் யு.எஸ். ரீட்டும் 2024 பிப்ரவரியில் பகிர்வை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. மாத வருவாய் போல் இவற்றை நம்பியிருந்தவர்களின் நிலை எண்ணத்தக்கது.

உள்நாட்டு மாற்று

எம்பசி, மைண்ட்ஸ்பேஸ் ஆகியவற்றையடுத்து புரூக்ஃபீல்டு (2021), நெக்சஸ் செலக்ட் (2023), நாலெட்ஜ் ரியால்டி (2025) ஆகியன இந்தியச் சந்தைக்கு வந்துள்ளன. தொடக்கத்தில் ரூ.2 இலட்சமாக இருந்த குறைந்தபட்ச விண்ணப்பத் தொகை, 2019இல் ரூ.50,000ஆகவும், 2021இல் ரூ.10,000-15,000 என்ற அளவுக்கும் குறைக்கப்பட்டது. சந்தையில் ஒரே ஒரு யூனிட்டையும் வாங்கலாம். சொத்தில் 80 சதவிகிதம் கட்டி முடிக்கப்பட்டு வாடகை ஈட்டுவதாக இருத்தல் வேண்டும். கடன் 49 சதவிகிதத்தை மிஞ்சலாகாது. பகிர்வு வட்டி, ஈவு, கடன் திருப்பம் எனப் பல கூறுகளாக வரும். வட்டிக்கு வரி உண்டு, ஈவு சில நிலைகளில் வரியற்றது, கடன் திருப்பமோ வாங்கிய விலையிலிருந்து கழிக்கப்படும். முழுத் தொகையும் வரிக்குரியதாகும் அயல்நாட்டு ஈவுடன் ஒப்பிடும்போது, இது உயர் அடுக்கினருக்கு ஓரளவு அனுகூலமே. இதன் குறை, யாவும் ஒரே நாட்டு, பெரும்பாலும் ஒரே துறை வாடகைதாரரைச் சார்ந்திருப்பதாகும். கராடியில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், அந்நிறுவனம் தரும் வாடகையையும் தமது சேமிப்பாக்கினால், தொழில் மந்தத்தின்போது இரண்டும் ஒருங்கே பாதிக்கப்படும். அயல்நாட்டுக் கிடங்கு, மருத்துவமனை, கடை வளாக ரீட்களில் ஒரு சிறு பகுதியை வைப்பதற்கு உள்ள வலுவான நியாயம் இதுவேயன்றி ஈவு வீதமன்று.

பதிவேடும் வாரிசும்

அயல்நாட்டு யூனிட் வைத்திருப்பவர், வருமான வரிக் கணக்கில் அதனைத் தனி அட்டவணையில் காட்டுதல் கட்டாயம். ஈவு வராத ஆண்டிலும் இது பொருந்தும். தவறினால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டம் ரூ.10 இலட்சம் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. அசையாச் சொத்து நீங்கலாக, மொத்தம் ரூ.20 இலட்சத்துக்கு மேற்படாத அயல்நாட்டுச் சொத்துகளுக்கு 2024 அக்டோபர் முதல் இத்தண்டத்திலிருந்து விலக்கு உண்டு. அங்கு சேரும் ஈவை 180 நாட்களுக்குள் மறுமுதலீடு செய்தல் அல்லது தாயகத்துக்குக் கொணர்தல் வேண்டும் என்பது 2022 முதல் நடைமுறையில் உள்ள விதி.

வாரிசுரிமை குறித்து ஒன்று. இந்தியா மரணச் சொத்து வரியை 1985இலும், சிங்கப்பூர் 2008இலும் கைவிட்டன. அமெரிக்கா கைவிடவில்லை. அந்நாட்டில் குடியுரிமையோ நிலையான வதிவிடமோ இல்லாதவர் இறக்கும்போது, அவரது அமெரிக்கச் சொத்தில் 60,000 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 40 சதவிகிதம் வரை வரி விதிக்கப்படலாம். அமெரிக்க ரீட் பங்குகளும் இதில் அடங்கும். இவ்வரி குறித்து இரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை இல்லை. புனேயிலுள்ள மனைவியோ மக்களோ பங்குகளைத் தம் பெயருக்கு மாற்றக் கோரும்போதுதான் பெரும்பாலும் இது தெரிய வருகிறது.