பயர்வோல் பூட்டியாச்சு, பூட்டு விழுந்துதா?

வெள்ளவத்தை காலி வீதிப் புடவைக் கடையோ, கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிக் கொமியூனிக்கேஷனோ, பில் போடும் கணினியும் கமராவும் வைஃபையும் இல்லாத கடை இன்று அரிது. வியாபாரம் கொஞ்சம் பெருத்ததும் ‘பயர்வோல் பூட்டியாச்சு’ என்று முதலாளி நிம்மதியாகிவிடுகிறார். எங்கள் பேச்சில் பூட்டுவது என்றால் பொருத்துவது. பொருத்தியதாலேயே பூட்டு விழுந்துவிடாது.

நம்பிக்கை: பயர்வோல் பெட்டியில் செருகிய எல்லாவற்றையும் அது கண்காணிக்கும்.

உண்மை: பெட்டியின் பின்பக்கம் வெளியிணைப்புக்கு ஒரு போர்ட், கடைக்குள் போகும் வயர்களுக்கு நாலைந்து போர்ட். சிறிய கடைகளுக்கான பல பெட்டிகளில் இந்த உள் போர்ட்கள் ஒரே சுவிட்சாகச் சேர்க்கப்பட்டே வருகின்றன. ஒரே சுவிட்சில் இருப்பவை பயர்வோலின் விதிகளைத் தொடாமலே தமக்குள் பேசிக்கொள்ளும். படலையில் நிற்கும் காவலாளிக்கு ஹோலிலிருந்து குசினிக்குள் யார் போகிறார் என்று தெரியாது.

போர்ட்களைச் சுவிட்சிலிருந்து பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கொடுங்கள். பில் கணினிப் பக்கம் 192.168.20.1, கமராப் பக்கம் 192.168.30.1, வாடிக்கையாளர் வைஃபை 192.168.40.1, மூன்றுக்கும் தொகுதியின் எல்லையைக் குறிக்கும் மாஸ்க் 255.255.255.0. பிறகு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவதைத் தடுக்கும் விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். சில பெட்டிகள் தாமாகவே மறிக்கும், சில விட்டுவிடும்.

நம்பிக்கை: 192.168 என்று தொடங்கும் முகவரி எங்கள் கடைக்கே உரிய இரகசியம்.

உண்மை: 10 இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகிய தொகுதிகளை யாரும் தம் உள்வலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 1996 இல் வந்த ஆர்எஃப்சி 1918 வகுத்தது. பக்கத்துக் கடையிலும் அதே இலக்கம் இருக்கலாம். இரகசியத்தைவிட மோதல்தான் இங்கே பிரச்சினை. இணைய நிறுவனத்தின் ரவுட்டர் 192.168.1.1 இல் இருக்க, பயர்வோலின் உள்பக்கமும் அதே 192.168.1 தொகுதியில் இருந்தால், எது உள்ளே எது வெளியே என்று பெட்டிக்கே பிடிபடாது.

நம்பிக்கை: பெட்டியின் முகவரியை மாற்றினதும் திரை உறைந்தால் பெட்டி போச்சு.

உண்மை: பெட்டி வீடு மாறிவிட்டது, உங்கள் கணினி பழைய விலாசத்தில் கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான். வயரைக் கழற்றி மறுபடி செருகுங்கள். புதிய தொகுதியில் கணினிக்கு இலக்கம் கிடைக்கும். பிரவுசரில் புதிய முகவரியை அடித்தால் பெட்டி திறக்கும்.

நம்பிக்கை: தீபாவளி நெரிசலில் பில் கணினி நின்றால் லைன் ஸ்லோ.

உண்மை: கணினியின் முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபியிடம் இலக்கம் கிடைக்காமல் கணினி தானாக வைத்துக்கொண்ட முகவரி அது. பெட்டியில் முகவரியின் கடைசி எண்ணாக 100 முதல் 199 வரை ஒதுக்கியிருந்தால் நூறு பேருக்குத்தான் இலக்கம். இலக்கத்துக்கு ஒரு நாள் தவணை என்றால், புடவை வாங்கி வெளியே போனவரின் போனும் நாளை வரை தன் இலக்கத்தை விடாது. வாடிக்கையாளர் வைஃபையைப் பிரித்து, தவணையை ஒரு மணித்தியாலமாக்குங்கள். பில் கணினிக்கும் பிரின்டருக்கும் அந்த வரிசைக்கு வெளியே, 20, 21 என்று நிரந்தர இலக்கம் கொடுங்கள்.

நம்பிக்கை: எங்கள் கடைக் கமராவை யார் தொடப்போகிறார்கள்?

உண்மை: தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் ரெக்கோடர்களையும் உலகெங்கும் பிடித்த மிராய் என்ற நச்சுநிரல், அவற்றைக் கொண்டே 2016 ஒக்டோபரில் இணையத்தளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் சேவை வழங்கிய டைன் நிறுவனத்தைத் தாக்கி டுவிட்டரையும் நெட்பிளிக்ஸையும் முடக்கியது. அது கடையின் பெயரைப் பார்த்து வரவில்லை.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். வாடிக்கையாளர் வைஃபையில் உங்கள் போனை இணைத்து, கமரா ரெக்கோடரின் முகவரியை பிரவுசரில் அடியுங்கள். லொகின் திரை வந்தால், பயர்வோல் பூட்டிய ஆளைத் திரும்பக் கூப்பிடுங்கள்.